எல் வரைக்கும் என்னுடையது

டிக்‌ஷனரியை வெட்டியது அவளுடைய நைனா. தோல்ஷாப்பில் எருமைத் தோலை முதுகுத்தண்டு வழியாக இரண்டு பாதியாக வெட்டுவதுதான் அவர் வேலை. வெட்டியதும் இரண்டு பாதியின் ஓரத்திலும் ஒரே மாதிரி மூன்று கீறல் போடுவார். தோல் சுண்ணாம்புக் குழியில் இறங்கி, பட்டைத் தொட்டிகளில் ஊறி, இரண்டு மாதம் கழித்து வெளியே வரும்போது எந்தப் பாதிக்கு எது ஜோடி என்று அந்தக் கீறல்தான் சொல்லும். எங்கள் புத்தகத்துக்கும் அதையே செய்தார். எல் எழுத்து முடிந்து எம் எழுத்து தொடங்கும் இடத்தில் கத்தியை வைத்து ஒரே இழுப்பு. பிறகு இரண்டு பக்கத்து அட்டையிலும் மும்மூன்று கீறல். "இனிமே ஜோடி மாறாது," என்று சொல்லி ஆளுக்கொரு பாதியைக் கையில் கொடுத்தார். அவருக்கு ஒரு எழுத்துகூடப் படிக்கத் தெரியாது. எங்கே வெட்ட வேண்டும் என்று அவர் மகள்தான் விரலை வைத்துக் காட்டினாள்.

அந்த மகளைத்தான் நான் 'அவள்' என்று எழுதப் போகிறேன். பெயரை எழுதக் கை வரவில்லை.

மிஷன் பள்ளியில் எட்டாவது வரைக்கும் படித்த பெண்கள் எங்கள் தெருவில் நாங்கள் இரண்டு பேர்தான். எங்களுக்குப் பாடம் சொன்ன துரைசானி சீமைக்குத் திரும்பியபோது தன் மேஜை மேல் இருந்த டிக்‌ஷனரியை எங்களிடம் கொடுத்து, இரண்டு பேரும் பகிர்ந்துகொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனாள். சொல்லிவிட்டுப் போவது சுலபம். கப்பல் ஏறிவிட்டால் சண்டை காதில் விழாது.

அடுத்த மாதமே வேலூரிலிருந்து கடிதம் வந்தது. ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலைக்குப் பெண்களைப் பழக்குகிறார்கள், எங்கள் ஊர்ப் பக்கத்திலிருந்து ஒரே ஒரு பெண்ணை எடுப்பார்கள். பாடமெல்லாம் இங்கிலீஷில் நடக்கும். அதனால் முதலில் ஒரு பரீட்சை. புத்தகங்களில் வருகிற கடினமான வார்த்தைகள் இருபது கொடுப்பார்கள், ஒவ்வொன்றுக்கும் அர்த்தம் எழுதி, அதை வைத்துச் சொந்தமாக ஒரு வாக்கியம் எழுத வேண்டும். பாதிக்குக் கீழே போனால் அந்த வருஷம் யாரையுமே எடுக்க மாட்டார்கள். ஞாயிறு ஆராதனை முடிந்து கோயிலிலிருந்து வெளியே வரும்போது பாதிரியார் இதைப் படித்துச் சொன்னார். நாங்கள் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

அன்று சாயந்திரமே என் நைனா சொல்லிவிட்டார். "பாஸானா வேலூர் போ. இல்லாட்டி பொங்கல் கழிச்சுப் பேரணாம்பட்டு."

பேரணாம்பட்டு என்றால் அங்கே இருந்த ஒரு மேஸ்திரி. நைனாவைவிட இரண்டு வயது சின்னவர், அவ்வளவுதான். முதல் பெண்டாட்டி கிணற்றில் விழுந்து செத்தாள். இரண்டாவது பெண்டாட்டி எப்படிச் செத்தாள் என்று நாலு பேர் நாலு விதமாகச் சொன்னார்கள். பெண் பார்க்க வந்தபோது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. கையை நீட்டச் சொன்னார். நீட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "வேலை செஞ்ச கைதான்," என்று என் நைனாவிடம் சொன்னார். அன்றைக்கு நான் முடிவு செய்துவிட்டேன். அந்த ஆளிடம் போவதைவிடச் சுண்ணாம்புக் குழியில் இறங்குவது மேல். டிக்‌ஷனரியில் உள்ள அத்தனை வார்த்தையும் என் தலைக்குள் ஏறியாக வேண்டும்.

ஆக, ஒரு இடம், இரண்டு பேர், ஒரு புத்தகம். புத்தகம் ஒருத்தி வீட்டில் இருந்தால் மற்றவளுக்குத் தூக்கம் வராது. வெட்டிவிடலாம் என்று சொன்னவள் அவள்தான். முதல் பாதி எனக்கு, பின் பாதி அவளுக்கு. தோல் தொட்டியிலிருந்து ஏறுகிற கணக்கில் இரண்டு மாதம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயிலில் மாற்றிக்கொள்வது. பிறகு பரீட்சைக்கு இரண்டு மாதம் இருக்கும். நியாயமான ஏற்பாடு. அவள் செய்ததெல்லாம் நியாயமாகத்தான் இருந்தது, அதுதான் எனக்கு எரிச்சல்.

எங்கள் இரண்டு பேருக்கும் தோல்ஷாப்பில் ஆவாரம்பட்டை இடிக்கிற வேலை. ஒரு கல்லுரலுக்கு இரண்டு பேர், எதிரெதிராக நிற்க வேண்டும். என் உலக்கை இறங்கும்போது அவளுடையது ஏறும், அவளுடையது இறங்கும்போது என்னுடையது ஏறும். ஒருத்தி தாளம் தப்பினால் உலக்கைகள் மோதும், விரல் நசுங்கும். படிக்க வேறு நேரம் ஏது? இடிக்கும்போதே படித்தோம். என் உலக்கை இறங்கும்போது என் வார்த்தையைச் சொல்வேன். அவளுடையது இறங்கும்போது அவள் தன்னுடையதைச் சொல்வாள். பட்டைத் தூசியில் இரண்டு பேருக்கும் தொண்டை கட்டி, பாதி வார்த்தை இருமலாகத்தான் வரும். பக்கத்தில் சலிக்கிற பெண்கள் முதலில் சிரித்தார்கள், பிறகு பழகிவிட்டார்கள். அவளுடைய அம்மாவும் அங்கேதான் பட்டை சலித்துக்கொண்டிருப்பாள். நான் அவளை அத்தை என்று கூப்பிடுவேன்.

முதல் வார்த்தையான அபாண்டன், அதாவது கைவிடு என்பதிலிருந்தே நான் வேண்டுமென்றே உரக்கச் சொல்வேன். அவள் வார்த்தை என் காதில் விழக் கூடாது என்பதற்காக மட்டும் இல்லை, அவளுக்கே அது கேட்கக் கூடாது என்பதற்காகவும்தான். அவள் குரலை உயர்த்தவே மாட்டாள். தன் உலக்கை இறங்குகிற அந்த ஒரு நொடியில் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுவாள்.

என் வாக்கியங்கள் எல்லாம் டிக்‌ஷனரியிலேயே போட்டிருந்தவை. ராஜாக்களும் கப்பல்களும் சேனைகளும் வரும். ராஜாவையும் நான் பார்த்ததில்லை, கப்பலையும் பார்த்ததில்லை, அப்படியே மனப்பாடம் செய்தேன். அவள் அப்படி இல்லை. ஒவ்வொரு வார்த்தைக்கும் எங்கள் தெருவிலிருந்து ஒரு வாக்கியம் பிடித்து வைத்திருப்பாள். எங்கள் தெருவின் நாற்றம் பெர்மனென்ட். மயிரை விடுவதற்கு எருமைத் தோல் ரிலக்டன்ட், மனசில்லை. சுண்ணாம்பில் வேலை செய்து என் தகப்பனாரின் நகங்கள் ட்ரான்ஸ்பேரன்ட். ஒரு கருவாடு நான்கு பேருக்கு ஸஃபிஷியன்ட். எல்லாம் இங்கிலீஷில்தான் சொல்வாள், உலக்கைக்கு ஒரு வாக்கியம்.

நான் ஒரு நாள் பொறுக்க முடியாமல் கேட்டேன். "இன்னாடி இது? பரீட்சைல போய்க் கருவாடுன்னு எழுதுவியா? பேப்பரைத் தூக்கிப் போட்டுடுவாங்க."

"நாம தின்றது கருவாடுதானே? தின்னாததை எழுதுனா எனக்கு ஞாபகம் நிக்காது," என்றாள். கோபமே இல்லாமல் சொன்னாள். நான் அடுத்த வார்த்தையை இன்னும் உரக்கச் சொன்னேன்.

இரண்டு மாதம் முடிந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் தன் பாதியைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு கோயிலுக்கு வந்திருந்தாள். நான் என்னுடையதைக் கொண்டு போகவில்லை. "எனக்கு இன்னும் முடியலடி. ஒரு வாரம் குடு," என்றேன்.

பச்சைப் பொய். பத்து நாளைக்கு முன்பே முடித்துவிட்டேன். கண்ணை மூடினால் எந்த வார்த்தை பக்கத்தின் எந்த மூலையில் இருக்கிறது என்று சொல்லுவேன். முதல் பாதி அவள் கையில் ஒரு வாரம் கம்மியாக இருக்கட்டும் என்று நினைத்தேன். இரண்டு மாதத்தில் ஒரு வாரம் குறைந்தால் எழுபது எண்பது வார்த்தை அவளுக்குக் குறையும். அதற்குள் அவள் பாதியை நான் பார்க்க முடியாது என்பது தெரிந்தும்தான் செய்தேன். எனக்கு வருவதைவிட அவளுக்கு வராதது முக்கியமாகத் தோன்றியது.

அவள் துணியை அதற்குள் பிரித்துவிட்டிருந்தாள். "சரி, அடுத்த ஞாயிறு," என்று சொல்லிவிட்டுத் துணியை மறுபடியும் சுற்றிக்கொண்டு போனாள்.

புதன்கிழமை சுண்ணாம்புக் குழிப் பக்கம் எலி செத்து விழுந்து கிடந்தது. ஒன்று, பிறகு வரிசையாக ஐந்தாறு. எலி விழுந்தால் என்ன அர்த்தம் என்று அப்போது எங்கள் பக்கத்தில் பச்சைக் குழந்தைக்கும் தெரியும். வியாழக்கிழமை உரலில் அவள் உலக்கை தாமதமாக இறங்கியது. என்னுடையதோடு மோதி, என் கட்டை விரல் தோல் பிய்ந்தது. நான் அவளைத் திட்டினேன்.

"கையைத் தூக்க முடியலடி. அக்குள்ல இன்னாவோ கட்டியாட்டம் இருக்குது," என்றாள்.

நான் விரலை வாயில் வைத்துச் சப்பிக்கொண்டு அவளைப் பார்த்தேன். அவள் கண் சிவந்திருந்தது. அவள் உலக்கையைச் சுவரில் சாத்திவிட்டு, அத்தையோடு வீட்டுக்கு நடந்து போனாள். அதற்குப் பிறகு நான் அவளைப் பார்க்கவில்லை. பாலாற்று மணலில் ஓலைக் கொட்டகை போட்டு நோய் கண்டவர்களை அங்கே கொண்டு போனார்கள். சனிக்கிழமை பொழுது சாய்வதற்குள் முடிந்துவிட்டது என்று சொன்னார்கள். அவளுடைய நைனா அதற்கு நான்கு நாள் கழித்து அதே கொட்டகையில் போனார்.

திங்கட்கிழமை காலையில் பிளேக் இன்ஸ்பெக்டர் ஆட்களோடு வந்து அவர்கள் வீட்டைக் காலி செய்கிறார் என்று சத்தம் கேட்டது. நான் ஓடினேன். பாய், துணி, தலையணை எல்லாவற்றையும் வாசலில் குவித்துக்கொண்டிருந்தார்கள். அத்தை எதிர்ப்புறம் மண்ணில் தலைவிரிகோலமாக உட்கார்ந்திருந்தாள். அவளைத் தாண்டித்தான் நான் போனேன். அவளிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. என் கண் குவியலில் புத்தகத்தைத் தேடியது. துணி விலகி, மூன்று கீறல் போட்ட அட்டை தெரிந்தது.

துக்கம் விசாரிப்பதற்கு இங்கிலீஷில் கண்டோலன்ஸ் என்று ஒரு வார்த்தை உண்டு. அது என் பாதியில்தான் இருந்தது. எழுத்துக் கூட்டி, அர்த்தத்தோடு, ராஜாவும் மந்திரியும் வருகிற வாக்கியத்தோடு எனக்கு மனப்பாடம். அவளைப் பெற்ற தாய் கண்ணெதிரே உட்கார்ந்திருந்தாள். அதைச் செய்ய வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

நான் இன்ஸ்பெக்டருக்கு முன்னால் போய் நின்று இங்கிலீஷில் பேசினேன். கனம் பொருந்திய ஐயா, அந்தப் புத்தகத்தை அழிவிலிருந்து காக்கும்படி அடியாள் மன்றாடுகிறேன் என்று அர்த்தம் வருகிற மாதிரி, எனக்குத் தெரிந்த பெரிய வார்த்தைகளை எல்லாம் போட்டுச் சொன்னேன். என் வாழ்க்கையில் ஒரு உத்தியோகஸ்தரிடம் நான் பேசிய முதல் இங்கிலீஷ் அதுதான். ஒரு தப்பும் இல்லாமல் வந்தது.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். புரிந்துகொண்டார் என்றுதான் நினைக்கிறேன். "தள்ளி நில்லும்மா. உனக்கும் ஒட்டிக்கும்," என்று தமிழில் சொன்னார். ஒரு ஆள் கழியால் புத்தகத்தைக் குவியலின் நடுவே தள்ளினான். மண்ணெண்ணெய் ஊற்றினார்கள். டிக்‌ஷனரித் தாள் மெல்லிசு, ஆனால் சேர்ந்தாற்போல் இருந்ததால் சீக்கிரம் எரியவில்லை. ஓரம் மட்டும் கருகிக்கொண்டே இருந்தது. நான் அழுதேன். எதற்காக அழுதேன் என்று பார்த்தவர்கள் நினைத்திருப்பார்களோ, அதற்காக அழவில்லை. திரும்பும்போது அத்தை என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இனிமே நீ ஒருத்திதான். இடம் உனக்குத்தான்," என்றார் என் நைனா அன்றைக்கு. அவரை நான் குறை சொல்லப் போவதில்லை. அதே எண்ணம் எனக்கும் வந்து, நான் வெட்கப்பட்டு, மறுபடியும் வந்தது. ஆனால் இடம் சும்மா வராது. பாதிக்குக் கீழே போனால் பேரணாம்பட்டு. என் கையில் இருந்தது எல் வரைக்கும்தான். ஊரில் வேறு டிக்‌ஷனரி இல்லை. பாதிரியாரிடம் கேட்டேன், தன்னுடையதைக் கடன் வாங்கிப் போனவர் பிளேக்குக்குப் பயந்து கணியம்பாடிப் பக்கம் குடும்பத்தோடு போய்விட்டார் என்றார்.

ஊர் அடங்கி, ஷாப்பு திறந்ததும் மறுபடியும் உரலுக்குப் போனேன். எனக்கு எதிரே யாரை நிறுத்துவார்கள் என்று எனக்குக் கவலையாக இருந்தது. அத்தை தானாக வந்து, சுவரில் சாத்தியிருந்த மகளின் உலக்கையை எடுத்துக்கொண்டு என் எதிரே நின்றாள். புருஷனும் இல்லை, மகளும் இல்லை, சலிக்கிற கூலியில் வயிறு நிறையாது. நாங்கள் இடித்தோம். நான் வாயைத் திறக்கவில்லை. பரீட்சை வரைக்கும் உலக்கைச் சத்தம் மட்டும்தான்.

பரீட்சைக்கு நானும் நைனாவும் ரயிலில் காட்பாடி வரைக்கும் போய், அங்கிருந்து ஜட்கா வண்டியில் வேலூர் போனோம். தங்கள் தங்கள் ஊர் இடத்துக்காக வந்த ஐந்தாறு பெண்கள் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். எல்லோரும் செருப்புப் போட்டிருந்தார்கள். என் மேல் பட்டை வாசனை வருகிறதா என்று மோந்து பார்த்துக்கொண்டேன். தாளைக் கொடுத்தார்கள். இருபது வார்த்தை. என் பாதியிலிருந்து எட்டுதான் இருந்தது. எட்டையும் ராஜாக்களோடும் கப்பல்களோடும் கடகடவென்று எழுதினேன். பத்து வேண்டும். மீதிப் பன்னிரண்டும் எம் எழுத்துக்குப் பிறகு.

எனக்கு மேஸ்திரியின் விரல்கள் ஞாபகம் வந்தன, என் கையைத் திருப்பிய விரல்கள். என்ன செய்கிறேன் என்று தெரியாமல் வலது கையைப் பெஞ்சின் மேல் தட்டிக்கொண்டிருந்தேன். ஒரு தட்டு, ஒரு இடைவெளி. ஒரு தட்டு, ஒரு இடைவெளி. அந்த இடைவெளியில் அவள் குரல் வந்தது. நான் இரண்டு மாதம் கத்திக் கத்தி மறைக்கப் பார்த்த குரல். எருமைத் தோல் ரிலக்டன்ட். ஒரு கருவாடு நான்கு பேருக்கு ஸஃபிஷியன்ட். பன்னிரண்டும் வந்தன, அவளுடைய வாக்கியங்களோடு. வேறு வாக்கியம் யோசிக்கக்கூட எனக்குத் தெரியவில்லை. பதினொன்றை அப்படியே எழுதினேன். வேகன்ட் என்ற வார்த்தைக்கு மட்டும் முடியவில்லை. 'நான் வேலூர் போன பிறகு உரலடியில் என் இடம் வேகன்ட், காலி' என்று அவள் சொல்வாள். அதற்குக் கீழே ஒன்றும் எழுதாமல் விட்டுவிட்டேன்.

தாளைப் படித்த வெள்ளைக்கார டாக்டரம்மா கருவாட்டுக்குச் சிரித்தாள். நகத்துக்கு வந்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டாள். முதல் எட்டும் புத்தகத்திலிருந்து எடுத்தவை, அவற்றைக் கணக்கில் சேர்க்கப் போவதில்லை என்றாள். மற்றவற்றை எழுதியவளுக்குத்தான் வார்த்தை எதற்கு என்று தெரிந்திருக்கிறது, அவளைத்தான் எடுத்துக்கொள்கிறேன் என்றாள். பிறகு நேராக என் கண்ணைப் பார்த்து, இவை உன் சொந்த வாக்கியங்கள்தானே என்று கேட்டாள்.

ஆம் என்றேன்.

இருபது வருஷத்துக்கு மேலாக வார்டில் நடந்துகொண்டிருக்கிறேன். பெர்மனென்ட் என்ற வார்த்தையை நோயாளிகளின் சீட்டில் எத்தனையோ தடவை எழுதியிருக்கிறேன். ஒரு தடவைகூட எங்கள் தெரு ஞாபகம் வராமல் எழுதியதில்லை. ஆனாலும் அந்த 'ஆம்' என்னைப் பெரிதாக வதைப்பதில்லை. உயிருக்குப் பயந்தவள் சொன்னது. அதற்கு அடுத்த வாரம் சொன்னதுதான் வதைக்கிறது.

வேலூருக்குப் பெட்டி கட்டுவதற்கு முன்னால் ஷாப்பில் அது கடைசி நாள். விஷயம் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. அத்தையும் நானும் இடித்துக்கொண்டிருந்தோம். அவள் உலக்கையை நிறுத்தினாள். மகள் போன பிறகு அவள் என்னிடம் பேசியது அன்றைக்குத்தான்.

"ஜுரத்துல அது உன் வார்த்தையாத்தான் சொல்லிக்கினு கிடந்துச்சு. நீ கத்துவியே அபாண்டன், அபாண்டன்னு, அதுலேருந்து ஆரம்பிச்சு ஒண்ணு விடாம. எல்லாத்தையும் காதால கேட்டே மனப்பாடம் பண்ணிட்டிருக்குது."

நான் மறைத்த அந்த ஒரு வாரத்தை அவள் மகள் இழக்கவே இல்லை. முழுப் புத்தகமும் அவளிடம் இருந்திருக்கிறது. பெஞ்சில் அவள் உட்கார்ந்திருந்தால் இருபதும் எழுதியிருப்பாள். நான் இன்றைக்குப் பேரணாம்பட்டில், ஏதோ ஒரு கிணற்றுப் பக்கத்தில் இருந்திருப்பேன்.

அத்தை புடவைத் தலைப்பால் முகத்துத் தூசியைத் துடைத்துக்கொண்டாள். "ஏம்மா, அது தெனம் இங்க நின்னு சொல்லுமே, அதுல எதுனா வந்துச்சா பரீட்சைல?"

வந்தது, எல்லாமே வந்தது, உன் மகள்தான் பாஸானாள் என்று சொல்லியிருக்கலாம். அத்தைக்குக் கொடுப்பதற்கு என்னிடம் அது ஒன்றுதான் இருந்தது. சொன்னால் தெரு முழுவதும் தெரிந்துவிடும், வேலூருக்கும் எட்டிவிடும், இடம் போய்விடும் என்று பயந்தேன். அந்தப் பயம் பாதிதான். மீதிப் பாதி, அவள் மகள் செத்த பிறகும் என்னைவிட ஒரு படி மேலே நிற்பதை என்னால் தாங்க முடியவில்லை.

"இல்ல அத்தை. ஒண்ணும் வரல," என்றேன்.

"ஒண்ணுகூடவா?"

"ஒண்ணுகூட."

அவள் உரலுக்குள் இருந்த பட்டைத் தூளைப் பார்த்துக்கொண்டு நின்றாள். "உன்னுதைக் காதால கேட்டதுதானே, எழுத வராது. அப்ப அது இருந்து எழுதியிருந்தாலும் பாஸாயிருக்காது, இல்ல?"

அவள் தலையை நிமிர்த்தி, பதிலுக்காகக் காத்திருந்தாள். மற்ற உரல்களின் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

"ஆயிருக்காது அத்தை," என்றேன்.

அவள் உலக்கையை எடுத்து இடிக்கத் தொடங்கினாள். நான் என்னுடையதைத் தூக்கி, அவளுடையது ஏறும் நேரம் பார்த்து இறக்கினேன்.